முகம் திறக்கும் வேலை

நிறுவனரின் சிலைக்கு முகம் காணாமல் போன அன்றுதான் பெரியவளின் தலையில் இந்த வேலை வந்து விழுந்தது.

காணாமல் போனது கல்லில் இல்லை, கணினித் திரையில். பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் சிலைகள், சுவரோவியங்கள், பழைய இரும்பை வளைத்துச் செய்த உருவங்கள் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் ஏற்றிவிடுவது என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. கைபேசியில் வரைபடத்தைத் திறந்தால் பச்சைப் புள்ளிகள் தெரியும். ஒரு புள்ளியைத் தொட்டால் அந்தச் சிலைக்கு முன்னால் போய் நின்றதுபோல் படம் விரியும். விரலால் தள்ளித் தள்ளி நாலா பக்கமும் திரும்பிப் பார்க்கலாம். யார் செய்தது, எதில் செய்தது என்று படிக்கலாம். நல்ல யோசனைதான். யோசனை சொல்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது?

படம் எடுக்கத் தனியாக ஒரு கேமராக்காரரை அமர்த்தினார்கள். எல்லாத் திசையிலும் கண் உள்ள உருண்டைக் கேமரா ஒன்றைக் கம்பத்தின் உச்சியில் மாட்டிவிட்டு, தானும் படத்தில் விழாமல் இருக்க மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கைபேசியால் தட்டுவார். வழியில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் படத்தில் விழுவார்கள். அவர்களைக் கேட்காமல் அவர்கள் முகத்தை ஊருக்கே காட்டக் கூடாது என்பது சட்டம். அதனால் படங்களையெல்லாம் ஒரு மென்பொருளிடம் கொடுத்தார்கள். முகம் கண்ட இடத்தையெல்லாம் கலங்கலாக்கி மறைப்பது அதன் தொழில். அதற்கு ரத்தம் எது, வெண்கலம் எது என்று தெரியுமா? நிறுவனரின் மார்பளவுச் சிலையில் தொடங்கி, நூலக வாசலில் இருந்த கல் ஆந்தை வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. உழைப்பாளர் ஊர்வலம் என்ற சுவரோவியத்தில் அத்தனை பேருக்கும் ஒரேயடியாக முகம் போயிருந்தது. நிறுவனரோ, போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் ஆள் செய்தித்தாளில் இருப்பாரே, அந்தக் கோலத்தில் இருந்தார்.

மேலிடத்திலிருந்து போன் வந்தது. மேலாளர் பதறிக்கொண்டு பெரியவளின் மேசைக்கு ஓடி வந்தார். அவருக்கு அலுவலகத்தில் ‘நேத்தே’ என்று பெயர். எந்த வேலையைக் கொடுத்தாலும் அது நேற்றே முடிந்திருக்க வேண்டிய வேலையாகத்தான் இருக்கும்.

“மேடம், நிறுவனருக்கு உடனே முகம் வரணும். இது நேத்தே முடிஞ்சிருக்க வேண்டியது.”

“அவருக்கு மட்டுமா சார், எல்லாருக்குமா?”

“சிலைக்கு மட்டும் திறங்க. உயிரோட இருக்கிறவங்க ஒருத்தர் முகம் தெரிஞ்சாலும் கேஸு.”

பெரியவள் என்பது வீட்டுப் பெயர். வளாகத்தில் அவளை மேப்பக்கா என்பார்கள். கழிவுநீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது, மின்கம்பி எந்தப் புல்வெளிக்குக் கீழே படுத்திருக்கிறது என்று வரைபடம் போட்டுப் போட்டே நாற்பதைத் தாண்டியவள். தரைக்குக் கீழேயே பார்த்துப் பழகியவளுக்கு முகங்களைப் பார்க்கும் வேலை புதிது. சிரிப்பாக இருந்தது. போகப் போக அந்த வேலை பிடித்தும் போனது.

வேலை இதுதான். அந்தப் படங்கள் அவள் திரையில் உருண்டையாக வராது. டப்பாவைச் சுற்றி ஒட்டிய காகிதத்தை உரித்து மேசையில் விரித்தால் எப்படி இருக்கும், அப்படி நீளமான பட்டையாக வரும். கலங்கலாக்கிய ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் ஒரு கட்டம் இருக்கும். கட்டத்தைத் தொட்டு ஒரு விசையைத் தட்டினால் அசல் முகம் தெரியும். சிலையென்றால் அப்படியே விட வேண்டும். மனிதர் என்றால் மறுபடி மூட வேண்டும். சிறிதாகத் தெரியும் உருவங்களில் எது சிலை, எது ஆள் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். கல்லைவிட அசையாமல் உட்கார்ந்து கைபேசி பார்க்கும் மாணவர்கள் அங்கே நிறைய.

இப்படித் திறந்தும் மூடியும் அவள் நாள் முழுக்க முகங்களோடு இருந்தாள். கொட்டாவி விடும் பேராசிரியர், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அழும் பெண், வாய் நிறைய ரொட்டியோடு ஒரு பையன். திறப்பாள், ஒரு கணம் பார்ப்பாள், மூடுவாள். அந்த ஒரு கணம் தேவைக்கு மேல் நீண்டதற்குக் காரணம் உண்டு. ஆறு வருஷமாகக் கூட்டத்தில் ஒரே ஒரு முகத்தைத் தேடிப் பழகிய கண் அது.

அவளுடைய தம்பியை வீட்டில் சின்னவன் என்பார்கள். ஊர் ஊராகப் போகும் இசைக்குழு ஒன்றில் ஒலி அமைப்பவனாக இருந்தான். அப்பாவுக்கு முடியாமல் போன அந்த வாரம் அவனுக்குப் போன் மேல் போன் அடித்தும் கிடைக்கவில்லை. அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்களும் போய், வீடு காலியான பிறகு பையும் தோளுமாக வந்து வாசலில் நின்றான். கதவைத் திறந்தது பெரியவள்தான். தூக்கமில்லாத கண், அழுது வறண்ட தொண்டை. “இப்ப எதுக்கு வந்தே? இனிமே என் மூஞ்சியில முழிக்காதே” என்றாள். அக்கா தம்பிக்குள் ஆயிரம் தடவை சொல்லிக்கொண்ட வார்த்தைதான். சின்ன வயதில் ஒரு மிட்டாய்க்குச் சொல்லியிருக்கிறாள், பென்சிலை உடைத்ததற்குச் சொல்லியிருக்கிறாள், பத்து நிமிஷம்கூடத் தாங்காது. அன்று மட்டும் அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். பையைக் கீழே வைக்காமல் திரும்பினான். உள்ளேயிருந்து அம்மா வருவதற்குள் தெருமுனை தாண்டிவிட்டான். பிறகு எண்ணை மாற்றிவிட்டான், குழுவையும் மாற்றிவிட்டான்.

அம்மா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதிலாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். வளாகத்தில் எந்த விழா நடந்தாலும் எல்லாரும் மேடையைப் பார்க்கும்போது பெரியவள் திரும்பிப் பின்னால் பார்ப்பாள். ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் விசைகளைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் யாரென்று பார்த்துவிட்டுத்தான் அவளுக்கு மேடை கண்ணில் தெரியும்.

குடைக்காரியின் படம் வந்தது ஒரு திங்கட்கிழமை மதியம். குடைக்காரி வெண்கலச் சிலை. துணி இல்லாமல் கம்பிகள் மட்டும் இருக்கும் குடையைப் பிடித்துக்கொண்டு, பெரியவளின் அலுவலகக் கட்டடத்துக்கு நேர் எதிரே நிற்கிறாள். எத்தனை மழை பெய்தாலும் நனைவாள். மாணவர்கள் அவளை ‘நனைஞ்சவ’ என்பார்கள்.

வழக்கம்போல் பட்டையின் இடது கோடியிலிருந்து தொடங்கினாள். கோடியில் ஒரு பெஞ்சு. அதில் ஒரு உருவம், ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் காலை மடித்துப் பெஞ்சின் மேல் வைத்திருந்தது. கட்டத்தைத் தொட்டாள். விசையைத் தட்டினாள்.

சின்னவன்.

கன்னம் ஒட்டியிருந்தது. தாடி விட்டிருந்தான், காதோரம் நரை. அவனுக்கு நரையா என்று முதலில் அதுதான் தோன்றியது. அப்புறம் எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள். கீழே பெஞ்சு காலியாக இருந்தது. இருக்காதா என்ன? படம் எடுத்து ஒரு மாதமாகிறது. தெரிந்தும் ஓடினாள்.

திரும்பி வந்து உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தொட்டால் திரைதான் சுட்டது. பிறகு மூளை கேள்வி கேட்க ஆரம்பித்தது. வேலைக்காக வந்திருப்பான். ஏதாவது விழாவுக்கு ஒலி அமைக்க வந்து, சாப்பாட்டு வேளையில் கிடைத்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அக்கா இங்கேதான் வேலை செய்கிறாள் என்பதுகூட அவனுக்கு நினைவிருந்திருக்காது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டு, அதைக் கேட்டு உறுதிசெய்யக் கலையரங்கத்துக்கு நடந்தாள். படத்தின் தேதியைச் சொல்லி, அன்றைக்கு எந்த ஒலிக்குழு வந்தது என்று அரங்கக் காவலரிடம் கேட்டாள்.

“அன்னைக்கா? அரங்கம் பெயின்ட் அடிக்கப் பூட்டிக் கிடந்துச்சு மேடம். அந்த வாரம் பூரா எந்த நிகழ்ச்சியும் இல்ல.”

“வெளியில? மைதானத்துல?”

“எங்கயும் இல்ல. ஏன், ஏதாவது காணாமப் போச்சா?”

“இல்ல” என்றாள். அதைவிடப் பெரிய பொய்யை அவள் அந்த வருஷம் சொல்லவில்லை.

ஆக, அவன் வேறெதற்கும் வரவில்லை. இவள் அலுவலகத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறான். படியேறி வராமல் போயிருக்கிறான். வாசல் வரை வந்தவன் ஏன் திரும்பினான்? ‘இவ மூஞ்சியில முழிக்கிறதுக்குத் தெருவோட போகலாம்’ என்று கடைசி நிமிஷத்தில் தோன்றியிருக்கும். அவளுக்கு அழுகையோடு கோபமும் வந்தது. வந்தவன் ஒரு சத்தம் கொடுத்தால் என்னடா?

அந்த முகத்தைத் திறந்தே விட்டுவிடலாமா என்று நினைத்தாள். ஒரே ஒரு விசை. நேத்தேக்கு ஆயிரம் படத்தில் இது கண்ணில் படாது. அம்மா பார்ப்பாள். அவனைத் தெரிந்தவர் யாராவது பார்த்து, இன்ன ஊரில் இருக்கிறான் என்று சொல்லக்கூடும். மனம் ஆசைப்பட்டது, கை விசை மேல் இருந்தது. ஆனால் தன்னை யாரும் தேடக் கூடாது என்று போனவன் அவன். இத்தனை நாளாக எவர் எவருக்கோ முகத்தை மூடிக் காப்பாற்றியவள், தன் தம்பிக்கு மட்டும் அதைச் செய்யாமல் விடுவதா? மூடினாள். குடைக்காரியின் முகத்தைத் திறந்தாள். பட்டையில் மிச்சம் இருந்ததைக் கண்ணால்கூடப் பார்க்காமல் அப்படியே சேமித்து அனுப்பிவிட்டாள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. உன் பிள்ளை வந்தான், என்னைப் பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டான் என்று எந்த வாயால் சொல்வது?

வரைபடம் வெளியானது. அசல் படங்களை உடனே அழித்துவிட வேண்டும் என்பது விதி. வாழ்க்கையில் முதல் தடவையாக நேத்தே ஒரு வேலையை நேற்றே செய்து வைத்திருந்தார். காலையில் பெரியவள் மனம் கேளாமல் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்துவிடலாம் என்று போய்த் தேடினால் அசல் படங்கள் இருந்த கணினிப் பெட்டகம் காலியாக இருந்தது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஒரு நகல் எடுத்து வைத்திருக்கக் கூடாதா, பெரிய விதியைக் கண்டவள்!

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா கைபேசியும் கையுமாக இருந்தாள். “நீ போட்ட மேப்பை எதுத்த வீட்டுக்காரங்க தொறந்து காட்டினாங்க. ஒவ்வொண்ணாத் தொட்டுப் பார்த்துக்கிட்டிருக்கேன்” என்றாள். “அந்த ஆந்தை உன் பெரியப்பா மாதிரியே இருக்கு.”

பெரியவள் சிரித்தாள். தேநீர் போட உள்ளே போனாள். இரண்டு கோப்பையோடு திரும்பி வந்தபோது அம்மா அசையாமல் இருந்தாள். கைபேசியைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்திருந்தாள்.

“பெரியவளே, இங்க வா.”

குடைக்காரி. பெஞ்சு. கலங்கலான முகத்தோடு ஒருவன்.

“இது சின்னவன்” என்றாள் அம்மா. கேள்வியாகக் கேட்கவில்லை.

“முகமே தெரியலையேம்மா.”

“பெத்தவளுக்கு எதுக்கு முகம்? ஒத்தச் செருப்பைக் கழட்டி விட்டுட்டு இப்படிக் காலை மடிச்சு உட்காராதேன்னு எத்தனை அடி அடிச்சிருப்பேன்.” அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். “உனக்குத் தெரியும்.”

“தெரியும்.” கோப்பைகளைக் கீழே வைத்தாள். “சொல்லணும்னுதான் இருந்தேன். வாசல் வரைக்கும் வந்திருக்கான்மா. என்னைப் பார்க்கப் பிடிக்காம அப்படியே போயிட்டான். அதான் உங்கிட்ட…”

“பிடிக்காமலா? யாருடி சொன்னா?” அம்மா விரலால் படத்தைக் கொஞ்சம் தள்ளினாள். “அப்ப இது யாரு?”

பட்டையில் இடது கோடியும் வலது கோடியும்தான் ஒன்றுக்கொன்று மிகத் தூரம். ஆனால் டப்பாவில் அந்தக் காகிதத்தைத் திரும்பச் சுற்றினால் இரண்டு கோடியும் ஒட்டிக்கொள்ளும். ஊருக்கே அந்த வரைபடத்தைச் செய்து கொடுத்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். தட்டையாகவே பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பெஞ்சுக்கு அடுத்தாற்போல், இரண்டே எட்டில், பெஞ்சைக் கடந்து போகும் ஒரு பெண். முகம் கலங்கல். தோளில் பெரியவளின் பை. காலில் பெரியவளின் செருப்பு. தலை குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டு போகிறாள், காதில் ஒலிக்கருவி.

சின்னவனின் கை நீண்டிருந்தது. அவள் திரையில் பார்த்தபோது அந்தக் கை படத்தின் ஓரத்தில் முழங்கையோடு வெட்டுப்பட்டிருந்தது. பெஞ்சின் மேல் சாய்த்து வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தாள். மிச்சக் கை மறுகோடியில் இருந்திருக்கிறது. இப்போது கோடிகள் சேர்ந்ததும் கையும் முழுசாகச் சேர்ந்தது. விரல்கள் விரிந்து, அக்காவின் பையைத் தொட ஒரு சாண்தான் பாக்கி.

பெரியவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைய மதியம் அவளுக்கு அப்படியே நினைவு வந்தது. நேத்தே போனில் கத்திக்கொண்டிருந்தார், ஏதோ கழிவுநீர்க் குழாய் வரைபடம் நேற்றே முடிந்திருக்க வேண்டும் என்று.

“கூப்பிட்டிருப்பானோ?” அம்மா கேட்டாள்.

“கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காதும்மா. காதுல இதை மாட்டியிருந்தேன்.”

ஆறு வருஷமாக அதைப் பற்றிப் பேசாத அம்மா அன்றைக்கும் திட்டவில்லை. மகளின் தலையைத் தன் முழங்காலோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இரண்டு தேநீரும் ஆறிப்போயின.

“அவன் என்ன நினைச்சிருப்பான்?” என்றாள் பெரியவள். “பார்த்தும் பார்க்காத மாதிரி போறாள்னு நினைச்சிருப்பான். அக்கா சொன்ன சொல்லுல நிக்கிறாள்னு நினைச்சிருப்பான்.”

“ஆமா, அப்படித்தான் நினைச்சிருப்பான், மடப்பய.” அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இந்தப் படத்தை அவனும் பார்ப்பானா?”

“யார் வேணும்னாலும் பார்க்கலாம். எந்த ஊர்ல இருந்தாலும்.”

“பார்ப்பான். தான் உட்கார்ந்த இடம் படத்துல வந்திருக்கா இல்லையான்னு பார்க்காம இருக்க மாட்டான். அங்க அன்னைக்குக் கேமரா இருந்தது அவனுக்குத் தெரியும்ல? நீ நாளைக்கு என்னை அங்க கூட்டிட்டுப் போ.”

மறுநாள் நேத்தேயிடம் ஒரு புள்ளிக்கு இரண்டு படம் வைக்கலாம்தானே என்று பெரியவள் கேட்டாள். எதற்கு என்றார். குடைக்காரியை இன்னொரு கோணத்தில் எடுக்க வேண்டும் என்றாள். படத்தில் மனிதர்கள் இருப்பார்களா என்றார். இரண்டு பேர், இரண்டு பேருக்கும் சம்மதம், முகத்தை மூட வேண்டியதில்லை என்றாள். யார் அவர்கள் என்று கேட்க வாயைத் திறந்தவர், அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, “சரி மேடம், மெதுவாப் பண்ணுங்க” என்றார். அந்த வார்த்தை அவர் வாயில் வந்து அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை.

கேமராக்காரர் கம்பத்தை நட்டார். அம்மா தலையை அழுந்த வாரி, நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். குடைக்காரியின் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. அம்மாவும் மகளும் பெரியவள் அன்றைக்குக் கடந்து போன அதே இடத்தில் நின்றார்கள், காலிப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு. காதில் ஒன்றும் இல்லை, கையில் ஒன்றும் இல்லை.

“அசையாதீங்க” என்று மரத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

அம்மா அசைந்தாள். பெஞ்சை நோக்கிக் கையை நீட்டினாள், தெருவில் விளையாடும் பிள்ளையை வீட்டுக்குள் கூப்பிடுகிற கை. பெரியவளும் நீட்டினாள். அந்த வெயிலில் இரண்டு பெண்கள் காலிப் பெஞ்சுக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்பதை இரண்டு மாணவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“எடுத்தாச்சும்மா. கையை இறக்கிக்கலாம்.”

அம்மா இறக்கவில்லை.

“இன்னொண்ணு எடுப்பா” என்றாள். “இதுல நான் சிரிக்கவே இல்ல. பார்க்கிறவன், அம்மா இன்னும் கோவமா இருக்காள்னு நினைச்சுக்கப் போறான்.”